தெளியும்வரை

மங்கம்மாளும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து நீல டிரம்மைச் சாய்த்தார்கள். தண்ணீர் பின்வாசலில் விழுந்து, கோழிகளை விரட்டிக்கொண்டு, புளியமரத்துப் பக்கம் ஓடியது. தரையில் கிடக்கும் சிறு கல்கூடத் தெரிகிற தண்ணீர். டிரம் முக்கால்வாசி காலியான பிறகுதான் கீழே தங்கியிருந்த செம்பழுப்புச் சேறு கொழகொழவென்று இறங்கியது. மங்கம்மாள் மூக்கைச் சுளித்து, ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தையும் தட்டிக் கொட்டினாள்.

சாவு விழுந்த வீட்டில் அதற்கு முன் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. குடம், தவலை, டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதில்தான் செத்தவரைக் குளிப்பாட்ட வேண்டும். அந்த ஊரில் யார் செத்தாலும் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் மங்கம்மாளுக்குத்தான் வேலை தொடங்கும். முறை தெரிந்தவள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

சின்னக்குழந்தை பின்கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நேற்றுச் சாயங்காலம் அவள் புருஷன் ராஜேந்திரன் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்த தண்ணீர். அவர் கையால் செய்த கடைசி வேலை அதுதான் என்பது தண்ணீர் மண்ணுக்குள் போன பிறகே அவளுக்கு உறைத்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு வாய் வரவில்லை.

உள்ளே பெஞ்சின் மேல் ராஜேந்திரனைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் பல் துலக்க வெளியே வந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு டிரம்மோரம் உட்கார்ந்தார். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பை வரச் சொல்லி, அது வளைவுகளில் முக்கி முனகி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திருப்பத்தூரிலிருந்து மகன் இளவரசனும் மருமகள் கல்பனாவும் வந்து சேர்ந்து அழுது ஓய்ந்தாயிற்று. மேளக்காரர்கள் பலாமரத்தடியில் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சொந்த நிலத்துக் கோடியில் குழி வெட்டப் போனவர்கள் பாறை தட்டுகிறது என்று கடப்பாரை கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது, அவளுக்குத்தான் இல்லை.

ஐம்பத்தைந்து வயதிலும் அவள் பெயர் சின்னக்குழந்தைதான். ராஜேந்திரன் அதையும் சுருக்கி ‘கொழந்தே’ என்றுதான் கூப்பிடுவார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இன்னா கொழந்த என்று ஊரில் கேலி செய்வார்கள். அவர் அதற்காக மாற்றிக்கொண்டதில்லை.

ஊருக்கு ஆழ்குழாய் போட்டபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். தண்ணீர் குழாயிலிருந்து வெள்ளையாகத்தான் விழும். குடத்தில் அரைநாள் நின்றால் மஞ்சளாகும், மேலே எண்ணெய் விட்டதுபோல ஆடை கட்டும், சாமைச் சோறு வடித்தால் பழுப்படிக்கும். இளவரசன் கல்யாணத்துக்கு எடுத்த சந்தனக் கலர் புடவையை அவள் முதல்முறை அந்தத் தண்ணீரில் சலவை சோடா போட்டு ஊற வைத்தாள். எடுத்து உதறினால் புடவை முழுக்கத் துருக்கறை. ஒரே நாளில் சாமியார் மடத்துக் கொடியில் காய வேண்டிய துணியாகிவிட்டது. அவள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். ராஜேந்திரன் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சோடா பட்டதும் தண்ணீரிலிருந்த இரும்பு துணியில் இறங்கியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். புடவை போனதைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆறவில்லை.

அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. வயசுக் காலத்தில் வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிட்ட கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்த்தவர் அவர். அங்கே அழுக்குத் தண்ணீரில் அன்னபேதி என்கிற பச்சை உப்பைக் கொட்டி, மேலே சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவார்கள். இரும்பிலிருந்து வருகிற உப்பு அது. சுண்ணாம்பு பட்டதும் தண்ணீருக்குள் கரைந்திருக்க முடியாமல் பாசி நிறத்தில் திரளும், காற்றுப் படப் படச் செம்பழுப்பாகும், கண்ணில் பட்ட அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு அடியில் போய் உட்காரும். நம்ம ஊர்த் தண்ணீரில் இரும்பை மலையே கரைத்து வைத்திருக்கிறது, சுண்ணாம்பு மட்டும்தான் பாக்கி என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே ஒரு நீல டிரம்மும் ஒரு சட்டி நிறையச் சுண்ணாம்பும் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் வைத்தார். அன்று முதல் தினமும் சாயங்காலம் அரைச் சொம்பு சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, துடுப்பால் கிளறி மூடிவிடுவார். காலையில் மேலே தெளிந்திருக்கும்.

சின்னக்குழந்தை அந்தத் தண்ணீரில் துணி துவைப்பாள், குளிப்பாள். குடிக்க மட்டும் மாட்டாள். சுண்ணாம்பு வெற்றிலைக்குத்தான், வயிற்றுக்கு இல்லை என்பது அவள் கட்சி. ஓடைச் சரிவில் இறங்கிச் சுனைத் தண்ணீர் எடுத்து வருவாள், சமையலும் அதில்தான். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் ஓடியது. ஊருக்கு அது நல்ல பொழுதுபோக்கு. சுண்ணாம்பு ராஜேந்திரன் என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலமும் வழக்கம்போல அவர் ஒரு டம்ளரில் தெளிந்த தண்ணீரை மொண்டு அவள் முன்னால் நீட்டினார்.

“ஒரு வாயி குடிச்சித்தான் பாரேன், கொழந்தே.”

“நான் செத்தா என் வாயில ஊத்து. அதுவரிக்கும் எனக்கு வாணாம்.”

அவர் சிரித்துக்கொண்டே தானே குடித்துவிட்டு, டம்ளரை டிரம் மூடி மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு புதுத் தண்ணீர் நிரப்பிச் சுண்ணாம்பு போட்டார். அது தினமும் நடக்கிற பேச்சு. அதற்கு ஒரு மறுநாள் இல்லாமல் போகும் என்று யாருக்குத் தெரியும்?

கவிழ்த்த டிரம்மைக் கல்பனாதான் நிமிர்த்தி வைத்தாள். குழாயிலிருந்து டியூப் போட்டு நிரப்பினாள். மாமனாரைக் குளிப்பாட்டப் போகிற தண்ணீர் அவருக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்து, பக்கத்திலிருந்த சட்டியிலிருந்து அரைச் சொம்பு சுண்ணாம்பைக் கரைத்து எடுத்து வந்தாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது அவர் செய்ததைக் கவனித்திருக்கிறாள். ஊற்றினாள், துடுப்பை எடுத்துக் கிளறினாள். அவள் பார்த்தது அவர் போட்டதை மட்டும்தான், ராத்திரி முழுக்க விட்டு வைத்ததை அல்ல.

தண்ணீர் முதலில் பாசிபோலப் பச்சையாகக் கலங்கியது. கிளறக் கிளறப் பழுத்தது. மங்கம்மாள் வந்து சொம்பை விட்டபோது டிரம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. சொம்பை அப்படியே போட்டுவிட்டாள்.

ஆழ்குழாய்த் தண்ணீர் நின்றால் மஞ்சளாகும் என்று ஊருக்கே தெரியும். கண்ணெதிரே ஒரு நிமிஷத்தில் இப்படிச் சிவந்து யாரும் பார்த்ததில்லை. ராஜேந்திரன் வீட்டுக்குப் பின்னால் சாயங்காலத்தில் செய்வதை எட்டிப் பார்த்தவர்கள் இல்லை, கேலி செய்தவர்கள்தான் உண்டு. பெண்கள் டிரம்மைச் சுற்றிக் கூடினார்கள். மேளம் நின்றுவிட்டது.

“இத்தினி சாவு பாத்துக்கீறேன்” என்றாள் மங்கம்மாள். “குளிப்பாட்டுற தண்ணி செவந்து பாத்ததில்ல. மனசுல இன்னாவோ வச்சிக்கினு பூட்டான் மனுசன்.”

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் சின்னக்குழந்தையைத்தான் பார்த்தார்கள். புருஷன் நீட்டிய தண்ணீரை ஒரு நாளும் வாங்கிக் குடிக்காதவள் என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? கல்பனா கையில் துடுப்போடு நின்றாள். நான்தான் சுண்ணாம்பு போட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள், யார் காதிலும் ஏறவில்லை. நல்ல தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் வெள்ளையாகத்தானே வரும், சிவப்பு எப்படி வரும் என்று ஒருத்தி கேட்டாள்.

ராஜேந்திரனின் அண்ணன் அர்ச்சுனன் வந்தார். ஊரில் பெரிய மனிதர், அவர் சொன்னால்தான் பிணம் நகரும். டிரம்மை எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. இதைக் கொட்டிவிட்டு வேறு பிடியுங்கள், அடக்கம் முடிந்த கையோடு பூசாரியைக் கூட்டி வந்து என்ன குறை என்று கேட்டுவிடலாம் என்றார். மேற்கே மேகம் இறங்கியிருந்தது. மழை பிடித்தால் குழியில் தண்ணீர் நிற்கும், ஜீப்பும் கீழே இறங்காது. இரண்டு பேர் டிரம்மைச் சாய்க்கக் கை வைத்தார்கள்.

“கொட்டாதீங்க.”

காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, டிரம்மின் விளிம்பில் கை வைத்தாள்.

“தெளியட்டும் மாமா. தெளிஞ்சப்பறம் அதுலதான் குளிப்பாட்டணும்.”

“எப்பம்மா தெளியும்? மேகம் எப்பிடி கீது பாரு.”

“காலைல ஒரு டிரம்மு கொட்டிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இதையும் கொட்டிட்டா, அவரு தண்ணி செவந்த தண்ணின்னே ஊர்ல நின்னுடும். நான் அத வச்சிக்கினு எப்பிடி இருப்பேன்?”

தம்பி பெண்டாட்டி இத்தனை வருஷத்தில் அர்ச்சுனனை எதிர்த்து நின்றதில்லை. வேண்டுமானால் உன் சுனையிலிருந்தே நாலு குடம் எடுத்து வரச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தார். அவள் அதற்கும் தலையாட்டவில்லை. கடைசியில் அவர், குழிக்காரர்கள் பாறையை உடைத்து முடிக்கிற வரைக்கும்தான் என்று ஒரு கெடு வைத்துவிட்டுப் பலாமரத்தடிக்குப் போனார். பாறை இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒரு சாவு வீடு தண்ணீர் தெளிவதற்காகக் காத்திருந்தது. வந்தவர்கள் ஆங்காங்கே குந்தி, தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். யாரோ டீ போட்டுக் கொடுத்தார்கள். சின்னக்குழந்தை டிரம்மை விட்டு நகரவில்லை.

அவளுக்குத் தெரியும். எத்தனை சாயங்காலம் திட்டிக்கொண்டே இதைப் பார்த்திருக்கிறாள்! பஞ்சுபோலத் திரண்டது ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, கீழே இறங்கும். அவர் ஒரு நாளும் அளவு தவறியதில்லை, கல்பனா ஊற்றியதும் அதே அரைச் சொம்புதான். ஆனாலும் பயமாக இருந்தது. இன்றைக்குப் பார்த்துத் தெளியாமல் போனால்? மங்கம்மாள் சொன்னது உண்மையாக இருந்தால்? நேற்று அவர் சிரித்தது உள்ளபடியே சிரிப்புத்தானா, இல்லை மனசு கசந்துபோய்ச் சிரித்ததா என்று அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு தன் வேலையைச் செய்யும் என்று அவள் தலைக்குத் தெரிந்திருந்தது. நெஞ்சுக்குத்தான் தெரியவில்லை.

வாணியம்பாடியிலிருந்து அதாவுல்லா வந்து சேர்ந்தார். தோல் ஷாப்பில் ராஜேந்திரனோடு ஒரே தொட்டியில் நின்றவர், வயதில் மூத்தவர். இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை பலாப்பழக் காலத்தில் மலையேறி வருவார். உள்ளே போய் நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். டிரம்மை எட்டிப் பார்த்தார், அவளைப் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எப்ப போட்டது?”

“இப்பத்தான் பாய். மருமக போட்டா.”

“ஆட்டாம வுடு தங்கச்சி, உக்காந்துடும்” என்று சொல்லி அவரும் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் பழைய கதை பேசினார். தொட்டியில் தண்ணீர் தெளிவதை ராஜேந்திரன் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம், மேஸ்திரி வந்து விரட்ட வேண்டுமாம். ஊருக்குத் திரும்பிய பிறகும் எப்போது கீழே இறங்கினாலும் இந்த டிரம் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து காட்டிக் குடிக்கச் சொல்வாராம். சின்னக்குழந்தை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று நினைத்து அவர் சொன்னார்:

“நீ சுனைல வழுக்கி வுழுந்து கால் வீங்கிக் கெடந்தியே, அப்பத்தான் வந்தான் எங்கிட்ட. பாய், குடிக்கிறதுக்குன்னா எவ்ளோ சுண்ணாம்பு போடலாம்னு கேட்டான். இனிமே அவள அந்தச் சரிவுல எறங்க வுடக் கூடாதுன்னான்.”

அது புடவை கெட்டுப்போன அதே வாரம். புடவைக்காகப் போட்ட டிரம் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். தன்னை ஜெயித்துக் காட்டத்தான் தினமும் டம்ளரை நீட்டுகிறார் என்றும் நினைத்திருந்தாள். அவள் பிடிவாதமாகச் சுனைக்குப் போய்க்கொண்டேயிருந்தாள், அவரும் விடாமல் டம்ளரை நீட்டிக்கொண்டேயிருந்தார். போகாதே, வழுக்கும் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில்தான் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகை அசைத்துவிடுமோ என்று டிரம்மிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

தூறல் விழத் தொடங்கியது. மழைத்துளி விழுந்தால் தண்ணீர் மறுபடி கலங்கும் என்று அவள் பதறி எழுந்தாள். மூடியைக் காணவில்லை, காலையில் கவிழ்த்தபோது எங்கோ போட்டிருந்தார்கள். இளவரசன் குழியை மூட என்று எடுத்துப் போன தார்ப்பாயில் பாதியைக் கிழித்துக் கொண்டுவந்தான். அவளும் கல்பனாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிரம்முக்கு மேல் விரித்து நின்றார்கள். தார்ப்பாயின் அடியில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள்.

“நான் தப்புப் பண்ணிட்டேனா அத்தை?”

“போட்டதெல்லாம் சரிதான். அவரு போட்டுட்டுப் போய்ப் படுத்துக்குவாரு. அவ்ளோதான்.”

கல்பனா குனிந்து உள்ளே பார்த்தாள். விளிம்போரம் மேல்தண்ணீரில் ஒரு விரல் அளவுக்கு வெளுப்பு விழுந்திருந்தது. அவள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். சின்னக்குழந்தை பேசாதே என்று கண்ணால் சொன்னாள். தூறல் வந்த மாதிரியே ஓய்ந்தது. வெளுப்பு நாலு விரலாயிற்று, ஒரு முழமாயிற்று. சிவப்பு கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. டிரம்மின் நீலம் உள்பக்கம் தெரியத் தொடங்கியபோது, குழிக்காரன் ஒருவன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை உடைந்துவிட்டது என்று சொல்ல வந்தான்.

அர்ச்சுனன் எழுந்து வந்தார். மங்கம்மாளும் வந்தாள். தார்ப்பாயை விலக்கினார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மங்கம்மாள் மெதுவாகக் கையை விட்டு ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள், முகர்ந்தாள், கீழே விட்டாள்.

“சுனத்தண்ணியாட்டம் கீது” என்றாள். தான் முன்னால் சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சின்னக்குழந்தையும் கேட்கவில்லை.

அடியில் தங்கியது அலுங்காமல் மேல்தண்ணீரை மட்டும் சொம்பு சொம்பாக மொண்டு சின்னக்குழந்தையே குடங்களில் ஊற்றினாள். அவர் மொள்வது போலவே சொம்பைப் படுக்கவைத்து மொண்டாள், அது தனக்கு எப்போது பழகியது என்று அவளுக்கே தெரியவில்லை. பூசாரியைப் பற்றி அர்ச்சுனன் மறுபடி பேச்செடுக்கவில்லை. ராஜேந்திரனை வெளியே தூக்கி வந்து குளிப்பாட்டினார்கள். இரும்புத் தண்ணீர் பட்டால் கறுத்துவிடுகிற சீயக்காய் அவர் தலையில் கறுக்கவில்லை. புது வேட்டி கட்டி, விபூதி பூசி, மாலை போட்டார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

தூக்குவதற்கு முன் வாயில் பால் விட வேண்டும். மங்கம்மாள் பால் கிண்ணத்தை நீட்டினாள். சின்னக்குழந்தை வாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய், விடிகாலையில் அவர் உட்கார்ந்த இடத்தில் தேடி, மண்ணில் உருண்டு கிடந்த டம்ளரை எடுத்தாள். கழுவினாள். குடத்தில் மிச்சம் இருந்ததை டம்ளர் நிறைய மொண்டுகொண்டு வந்தாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, புருஷன் தலைமாட்டில் நின்று அதை அண்ணாந்து குடித்தாள். தூரம் நடந்து வந்தவள் குடிப்பதுபோல, நடுவில் நிறுத்தாமல் டம்ளர் முழுவதையும் குடித்தாள். லேசாகச் சுண்ணாம்பு வாசம் இருந்தது, வெற்றிலை போட்ட அவர் வாயில் இருக்குமே, அந்த அளவுக்கு.

பிறகு இன்னொரு டம்ளர் மொண்டு வந்து, குனிந்து, அவர் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்து புது வேட்டியில் சொட்டியது. மங்கம்மாள் துடைக்கக் கை நீட்டினாள். சின்னக்குழந்தை அந்தக் கையைத் தடுத்துவிட்டு, வேட்டியில் தண்ணீர் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது வெள்ளையாகவே நனைந்திருந்தது.